சிறு பையும் பெரு நகரும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதித் தருவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். பயிற்றப்பட்ட தமிழாசிரியன் வேறு எதனை எழுதுவான்? ஆயின், இம்முறை யான் எழுத விரும்புவது ஊர் காண்டலைப் பற்றியாகும். ஐரோப்பாவின் பழம்பெரு நகரங்களைச் சுற்றிப் பார்த்தல் செல்வர்க்கே இயலும் என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் வேரூன்றிக் கிடக்கின்றது. அவ்வெண்ணம் பிழையானது என்பது என் துணிபு. முதுகிலே ஒரு பையும் கையிலே சிறு தொகையுமாகச் செல்பவன், செல்வச் செழிப்போடு செல்பவன் காணாதனவற்றையும் காண்பான். அவனுக்கு வேண்டிய முதல் இரண்டே: ஒன்று, சலியாது நடக்கும் கால், மற்றையது, புறப்படுமுன் படித்த படிப்பு. இவற்றுள் பின்னையது இல்லாதவன் எத்துணைப் பொருள் செலவிடினும் வெறுங்கையனாகவே மீள்வான்.

இதனைச் சொல்ல யான் பெற்ற உரிமை சிறியது. 2024-ஆம் ஆண்டு ஐப்பசியில், பாரிசில் வாழும் தமக்கையாரின் மகளுக்குத் திருமணம் நடந்தது. அதற்குச் சென்ற எனக்கு, விழா முடிந்தபின் விசாவிலே சில நாட்கள் எஞ்சியிருந்தன. எங்கே போக விருப்பமென மணமகளின் தமையன் வினவினான். லிஸ்பன் என்றேன். அவன் வியந்து, "அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே, மாமா" என்றான். இலண்டனுக்கோ சூரிச்சுக்கோ செல்வதாயின் ஒவ்வொரு தெருவிலும் உறவினர் உளர். காரில் ஏற்றிச் சென்று காட்டுவர். பொழுதும் இனிது கழியும். ஆனால் யான் லிஸ்பன் நகரையே விரும்பினேன்.

காரணம் சொல்வேன். தமிழ்மொழியில் அச்சான முதல் நூல் 1554-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டுத் தலைநகராகிய லிஸ்பனில் வெளிவந்தது. இச்செய்தியை இருபது ஆண்டுகளாக வகுப்பிலே சொல்லி வந்தவன் யான். கரும்பலகையில் அந்த ஆண்டை எழுதுவேன், மாணவர் கொப்பியில் எழுதிக்கொள்வர், மணியடித்ததும் அழித்துவிடுவேன். ஒருநாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த ஊர் எப்படி இருக்கும்?" என்று கேட்டான். விடை சொல்ல என்னால் இயலவில்லை. அவ்வினா என்னுள்ளே தங்கிவிட்டது.

செலவைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுதல் நன்று. பாரிசிலிருந்து ஒரு நாளுக்கும் மேலாகப் பேருந்திலே பயணஞ் செய்தேன். அக்கட்டணத்தை மருமகன் தந்தான். லிஸ்பனில் ஐந்து இரவு தங்கினேன். எட்டுப் பேர் உறங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு இரவொன்றுக்கு ஏறத்தாழ 25 யூரோ. தங்குவோர் ஒவ்வொருவரிடமும் நகரசபை அறவிடும் வரி இரவுக்கு 4 யூரோ. உணவுக்கும் ஏனையவற்றுக்குமாக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு யூரோ. ஆக மொத்தம் 200 யூரோவுக்குள் அடங்கிற்று. ஐரோப்பிய இளைஞனுக்கு அது சிறு தொகை. நம் பணத்திலே 60,000 ரூபாவைக் கடந்த அத்தொகை, என் போன்ற ஆசிரியனுக்கு ஒரு மாத உழைப்பு. ஆதலின், "குறைந்த செலவு" என யான் கூறுவதை எவரும் இழிவாகவோ எளிதாகவோ கொள்ளற்க. விசாப் பெறுதற்கு நம்மவர் படும் பாடும் ஐரோப்பிய இளைஞன் அறியாதது. இவ்வளவு அரிதாய்க் கிடைக்கும் நாட்களை எவ்வாறு செலவிடுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

முதல் நாளிலேயே யான் ஒரு பிழை செய்தேன். பேருந்து வந்து நின்ற நிலையத்தின் பெயர் ஓரியந்தே. கிழக்கு என்பது அதன் பொருள். கிழக்கிலிருந்து வந்தவனைக் கிழக்கே வரவேற்றது என மகிழ்ந்து நகரின் நடுவை அடைந்தேன். உறக்கமின்மையும் அச்சமும் ஒருங்கே வருத்தின. அவ்வேளை எதிரே நின்ற ஊர்தியைக் கண்டு திகைத்தேன். நம் தெருக்களில் ஓடும் முச்சில்லு ஓட்டோவே அது! சுற்றுலாக்காரரை மேடுகளில் ஏற்றிக் காட்டுதற்கென அங்கும் ஓடுகின்றது. பழகிய முகத்தைக் கண்டாற்போல ஏறி அமர்ந்தேன். சாரதி ஆங்கிலத்திலே ஏதேதோ சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினான். ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு நிமிடம் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னான். இறங்கும்போது இரண்டு நாள் உணவுக்குரிய பணம் போயிற்று. அன்றிரவு கட்டிலிற் படுத்து, இன்று என்ன கண்டேன் என எண்ணிப் பார்த்தேன். படங்கள் இருந்தன, நகரம் இருக்கவில்லை.

மறுநாட் காலை நடந்தேன். விடுதிக்கு அண்மையிலிருந்த வெதுப்பகத்தில் ஊர் மக்கள் வரிசையாய் நின்றனர். முன்னே நின்ற மூதாட்டி ஒருவர் கேட்ட சொல் என் காதிலே விழுந்தது. மூக்கொலி கலந்த அச்சொல், ஐயத்துக்கிடமின்றி, நம் "பாண்". தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர் கேட்டுச் சிரிக்கும் அதே பாண்! யானும் அச்சொல்லையே சொன்னேன். கடைக்காரி தயங்காமல் எடுத்துத் தந்தாள். நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த ஒரு சொல், யாழ்ப்பாணத்தான் ஒருவன் வாயில் ஏறித் தன் ஊருக்கு மீண்டதெனவே எனக்குத் தோன்றியது.

அன்று முதல் என் செவி திறந்துகொண்டது. கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, விறாந்தை, வாங்கு, தாச்சி, லேஞ்சி என நம் வீட்டிலே நாள்தோறும் வழங்கும் சொற்களின் தாய்வீடு அந்நகரத் தெருக்களே. ஏட்டிலே இவற்றைத் திசைச்சொல் எனப் படிப்பித்தவன் யான். ஆயினும் சிற்றுண்டிக் கடைக்காரன் நடைபாதையிலே கதிரைகளை இழுத்துப் போட்டபடி தன் ஏவலாளனிடம் அச்சொல்லைச் சொல்லக் கேட்டபொழுதுதான் அது உயிருள்ளதாயிற்று. நகரின் தாழ்பகுதியிலே, தொழில்களின் பெயரால் வழங்கும் தெருக்கள் பல உள. பொற்கொல்லர், வெள்ளி வேலைக்காரர் ஆகியோரின் தெருக்களுக்கு நடுவே சப்பாத்துத் தொழிலாளர் தெருவும் உண்டு. ருவா துஸ் சப்பத்தெய்ருஸ் என்பது அதன் பெயர். பெயர்ப்பலகையைப் படித்த யான் என் காலிலிருந்த சப்பாத்தைக் குனிந்து நோக்கிச் சிரித்தேன்.

அன்பர்களே, இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டுகின்றேன். உயர்ந்த விடுதியிலே தங்கியிருப்பேனாயின் இச்சொற்களைக் கேட்டிருப்பேனா? அங்கே என்னை ஆங்கிலம் வரவேற்றிருக்கும். காலையுணவு மேசைக்கு வந்திருக்கும். வெதுப்பகத்து வரிசையில் நிற்க நேர்ந்திராது. பணம் மிகுந்தவனுக்கும் நகரத்துக்கும் இடையே ஏவலாளர் பலர் நிற்பர். பணம் குறைந்தவன் நகர மக்களோடு ஒருவனாய் நின்று பாண் வாங்கவேண்டியவன். அவர்கள் ஏறும் படியை ஏறி, அவர்கள் அமரும் வாங்கிலே அமரவேண்டியவன். அவனது குறையே அவனுக்கு வாயிலாகின்றது.

இனி, காசில்லாமற் காண்பதற்கு அங்கே என்ன உண்டு என்பார்க்குச் சில சொல்வேன். லிஸ்பன் ஏழு குன்றுகளின்மேல் அமைந்தது என்பது அவ்வூரார் மரபு. குன்றுதோறும் நின்று நோக்குதற்கான மேடைகள் உள. சென்யோரா தோ மொந்தே என்னும் மேட்டிலே நிற்பவனுக்குக் கோட்டையும் கூரைகளும் தேஜோ ஆறும் ஒருங்கே புலப்படும். அதற்குச் சீட்டு இல்லை. தெருக்களில் வெண்சுண்ணக் கல்லையும் கருங்கல்லையும் சிறு சிறு துண்டாக்கிக் கோலமெனப் பதித்துள்ளனர். ரோசியோச் சதுக்கத்திலே அக்கோலம் கடலலை வடிவாய் விரிகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இடப்பட்டது. அழகிய அக்கற்கள் மழை பெய்தால் வழுக்கும்; ஆதலால் நல்ல சப்பாத்து வேண்டும் என்பதை இளைஞர் நினைவிற் கொள்க.

அச்சதுக்கத்தின் அருகே சாந் தொமிங்கோ தேவாலயம் உளது. 1959-இல் எரிந்த அவ்வாலயத்தின் தூண்களைப் புதுக்காமல், வெடித்தும் கருகியும் நின்ற நிலையிலேயே விட்டுள்ளனர். உள்ளே சென்று அமர யாரும் பணம் கேட்கவில்லை. 1506-ஆம் ஆண்டு சித்திரையில், வலிந்து மதம் மாற்றப்பட்ட யூதர்மேல் எழுந்த கொலைவெறி இவ்வாலயத்திலேயே தொடங்கிற்று. மூன்று நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாயிலின் எதிரே அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைத்துள்ளனர். சைவனாகிய யான் அவ்வாலயத்துள் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். தன் ஊர் செய்த தீமையைத் தன் ஊரின் நடுவே கல்லில் எழுதிவைக்கும் துணிவு எல்லா நகரங்களுக்கும் வாய்ப்பதில்லை.

அந்நகரின் பெருந்துயர் 1755-ஆம் ஆண்டு கார்த்திகை முதலாம் நாள் நேர்ந்தது. மக்கள் திருநாள் வழிபாட்டில் இருந்த காலை வேளையிலே நிலம் நடுங்கிற்று. ஆற்று வாயிலினூடே கடல் பொங்கி ஏறிற்று. பின்னர்த் தீ மூண்டு பல நாட்கள் எரிந்தது. ஆற்றங்கரையிலிருந்த அரண்மனையும், கீழைநாட்டு வாணிகத்தை ஆண்ட இந்திய இல்லமும் அழிந்தன. நம் நாட்டுக் கறுவாவின் கணக்கை எழுதிவைத்த இல்லமும் அதுவே. கார்மோக் குன்றின்மேல், கூரை இழந்து வளைவுகள் மட்டும் வானத்தை ஏந்தி நிற்கும் பழைய தேவாலயத்தைக் கீழிருந்தே காணலாம். அதன் முன்றிலில் மரநிழலில் அமர்ந்து யான் பாண் உண்டேன். 1926-இல் தொடங்கிய கொடுங்கோலாட்சி 1974-ஆம் ஆண்டு சித்திரை 25-ஆம் நாள் அடிபணிந்ததும் அதே முன்றிலில்தான். ஒரு வாங்கில் அமர்ந்தவாறே இரு நூற்றாண்டுகளின் வீழ்ச்சிகளை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு, முன்னரே படித்துச் சென்றமையாற் கிடைத்தது. படியாதவனுக்கு அது புறாக்கள் மேயும் முற்றமே.

அழிந்த நகரை மீள வகுத்தவர்களுள் முதல்வர் மனுவேல் ட மாயா என்னும் முதிய பொறியியலாளர். அப்போது அவர் எண்பது வயதை அண்மியவர். நேர்கோட்டுத் தெருக்களும், நிலநடுக்கத்தைத் தாங்கும்படி சுவருக்குள்ளே மரக்கூடு கோத்த வீடுகளும் அவர் காலத்துத் திட்டத்தின் பயன்கள். அவரே நாட்டின் ஆவணக் காப்பகத்துக்கும் தலைவராய் இருந்தார். கோட்டையின் கோபுரமொன்றில் 1378 முதல் வைத்திருந்த ஆவணங்கள் அக்கோபுரத்தோடு வீழ்ந்தபோது, அவற்றை மீட்டுக் காத்தவர் அவர். அக்காப்பகத்தின் பெயர் தோரே தோ தொம்போ. தோம்புக் கோபுரம் என்பது அதன் பொருள். நம் பழைய காணி உறுதிகளில் வரும் தோம்பு என்ற சொல்லேதான்! 1990-இல் எழுப்பிய புதுக் கட்டடத்தில் இன்று அது இயங்குகின்றது. அதன் வாயில்வரை சென்று நின்று அப்பெயரை வாய்விட்டுச் சொன்னேன். 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு தன் நூலகம் எரியக் கண்ட ஊரினன் அவ்விடத்தில் எதனை எண்ணியிருப்பான் என்பதை யாழ்ப்பாணத்து வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை.

நான்காம் நாள், ஆற்றங்கரை வழியே 6 கிலோமீற்றருக்கு மேல் நடந்து பெலெம் என்னும் பகுதியை அடைந்தேன். வாஸ்கோ ட காமா 1497-இல் கலமேறிய துறை அது. அங்கே நிற்கும் ஜெரோனிமோ மடம் 1501-இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக் காலம் கட்டப்பட்டது. கயிறும் கடற்பொருளும் கொடியும் பூவுமாகச் சுண்ணக்கல்லைச் செதுக்கிய அவ்வேலைப்பாட்டை வெளியில் நின்று நோக்கவே அரைநாள் போதாது. அதற்கான பொருள் எங்கிருந்து வந்தது? ஆபிரிக்காவிலும் கீழைநாடுகளிலும் நடந்த வாணிகத்தின்மீது விதித்த, நூற்றுக்கு ஐந்து வீத வரியிலிருந்து. மிளகும் கறுவாவும் கல்லாகி நிற்கின்றன எனலாம்.

அம்மடத்தின் மேற்குச் சிறகில் தேசியத் தொல்பொருளியல் அரும்பொருளகம் உளது. யான் தேடிச் சென்ற நூல் அதன் உடைமை. அது ஒரு சிறு மறைநூல். விசென்தே, ஜோர்ஜே, தொமா எனப் போர்த்துக்கேயப் பெயர் பூண்ட இந்தியர் மூவர் துணையோடு ஆக்கப்பட்டது. அதிலே தமிழ் எழுத்து இல்லை. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில், போர்த்துக்கேயப் பொருளோடு அச்சாகியுள்ளன. தமிழ் எழுத்திலேயே அச்சான நூலுக்கு, 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லிஸ்பனில் இருந்த இந்நூலை 1950-களில் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர், ஊர்காவற்றுறையில் 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகளார்.

யான் சென்றபொழுது கதவு அடைத்திருந்தது. திருத்த வேலைக்காக 2022 முதல் அரும்பொருளகம் மூடிக் கிடந்தது. புறப்படுமுன்னரே அதனை அறிவேன், அறிந்தும் போனேன். எத்துணைச் செல்வன் வந்திருப்பினும் அக்கதவு திறந்திராது. அடைத்த கதவின்முன், கற்சுவரின் ஓரத்தே அமர்ந்து, பையிலிருந்த பாணையும் பழத்தையும் உண்டேன். சுவருக்கு அப்பால் எங்கோ என் மொழியின் முதல் அச்சுநூல். அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்த மூவரும் தம் ஊரை நினைத்து இதே கரையிலே நின்றிருப்பர் அன்றோ? கரும்பலகையில் எழுதி அழித்த 1554 அன்றுதான் எனக்கு ஓர் ஆண்டாயிற்று. கண் காணாததை முன்படிப்புக் காட்டிற்று.

ஊர் திரும்பியபின், ஆசிரியர் அறையிலே நண்பரொருவர் சினந்து கேட்டார்: "நல்லூர்க் கோயிலை இடித்தவனுடைய ஊருக்கு உமக்கு என்ன பயணம்?" கேள்வி நியாயமானது. 1619-இல் நம் அரசைக் கவர்ந்தோர், 1621-இல் அக்கோயிலை இடித்தோர், 1658 வரை நம்மை ஆண்டோர் அந்நகரின் ஆணையில் வந்தவரே. அதனை மறந்து அந்நகரின் அழகை வாய்பிளந்து நோக்குவதும் தகாது. அதனையே நினைந்து முகந்திருப்பிக் கொள்வதும் அறிவுடைமை ஆகாது. இடித்த கையும் அச்சிட்ட கையும் ஒரே நாட்டின் கைகள். இரண்டையும் ஒருங்கே உள்ளத்தில் வைத்து நடக்கப் பழகுதலே வரலாற்றுக் கல்வி. விரைந்தோடும் ஊர்தியில் இருப்பவனுக்கு அப்பழக்கம் வாராது. நடந்து, களைத்து, அமர்ந்து எண்ணுபவனுக்கே வரும். நண்பர்க்கு யான் சொன்ன விடை இதுவே. அவர் முழுதும் ஒப்பினார் என்று கூறேன். ஆயினும் அந்த நூலைப் பற்றி மேலும் கேட்டார்.

மற்றொரு மறுப்பும் உண்டு. அது என் உள்ளத்திலேயே எழுந்தது. மலிவாய்ப் பயணஞ் செய்வோர் பெருகுவதால் நகரத்துக்கு நன்மையா? அல்பாமா என்பது நிலநடுக்கத்துக்குத் தப்பிய பழம்பகுதி. அரபியப் பெயர் தாங்கியது. படிகளும் முடுக்குகளும் நிறைந்தது. அங்கே வீடுகள் பல, சில நாள் தங்குவோர்க்கான இல்லங்களாக மாறிவிட்டன. வாடகை ஏறியதால் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தோர் வெளியேறினர். சன்னலிலே துணி உலர்த்தும் மூதாட்டியைப் படமெடுக்கும் பயணி, அம்மூதாட்டியின் அயலவரை விரட்டிய கூட்டத்தில் தானும் ஒருவன் என்பதை அறிவதில்லை. யானும் அக்கூட்டத்தில் ஒருவனே.

ஆதலின், எளிய பயணிக்கும் கடமைகள் உள. குடும்பங்கள் வாழவேண்டிய வீட்டை நாடாமல், பயணிகளுக்கென அமைந்த கூட்டு விடுதியிலே தங்குக. நகரசபை கேட்கும் வரியை முணுமுணுக்காமற் கொடுக்க. தெருவைக் கூட்டுதற்கும் பணம் வேண்டுமல்லவா? ஊரார் நடத்தும் சிறு கடையிலே வாங்குக. மோரறியா என்னும் பகுதியில், 1147-இல் நகரை இழந்த முஸ்லிம் மக்களுக்கென ஒதுக்கிய இடத்தில், இன்று தென்னாசியர் கடைகள் உள. அங்கே அரிசியும் பருப்பும் வாங்கி, விடுதிக் குசினியிற் சமைத்து உண்டேன். அடுத்த கட்டில் இளைஞனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். இரவில் படிகளிலே உரக்கப் பேசற்க. பிறர் வாயிற்படியில் அமர்ந்து உண்ணற்க. மலிவு வேறு, இரப்பு வேறு. பணம் கொடுக்கவேண்டிய இடத்தில் மனமுவந்து கொடுப்பதற்காகவே மற்ற இடங்களில் சிக்கனம் வேண்டும். ஐந்து நாட்களிலும் ஒருமுறை பெலெமிலே, 1837 முதல் நடக்கும் பலகாரக் கடையில், முட்டையும் பாலும் கலந்த சிறு பணியாரத்தை வாங்கி உண்டேன். ஒருநாள் மாலை, ஆற்றைக் கடந்து காசில்யாஸ் கரைக்குச் செல்லும் ஊரார் படகில், வேலை முடிந்து வீடு செல்வோரோடு நின்றபடி நகரத்தின் விளக்குகளைப் பார்த்தேன். அப்படகுக் கூலியும் முதல் நாள் ஓட்டோக் கூலியும் தம்முள் ஒப்பிடத்தக்கன அல்ல. காட்சியும் அவ்வாறே.

இவற்றையெல்லாம் விழா மலரில் எழுதுவானேன்? நம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று ஐரோப்பாவின் பல நகரங்களில் வாழ்கின்றனர். விழாக் காலத்தில் அவர்கள் மனமுவந்து நிதி தருகின்றனர், கட்டடம் எழுகின்றது, நன்றி. யான் அவர்களிடம் வேண்டுவது பணச்செலவற்ற ஒன்று. ஒவ்வொருவரும் தாம் வாழும் நகரத்தைப் பற்றி நான்கு பக்கம் தமிழிலே எழுதித் தருக. எங்கே தொடங்கி எவ்வழி நடப்பது, எங்கே காசின்றி அமரலாம், எக்கல் எந்த ஆண்டினது, எத்தெருவில் என்ன நடந்தது, எங்கே மலிவாய் உண்ணலாம் என்பன அதிலே இருத்தல் வேண்டும். அவற்றைத் தொகுத்து நம் நூலகத்தில் வைப்போம். ஊரிலிருந்து மருமகனோ தம்பியோ வந்தால், காரில் ஏற்றிக் கடைத்தெருவைக் காட்டி அனுப்பற்க. கையிலே படமும் நாட்சீட்டும் பாணும் கொடுத்து, மாலையிலே வந்து கண்டதைச் சொல்லுமாறு அனுப்புக.

மாணவர்க்கும் ஒரு சொல். உங்களிற் பலர்க்கு லிஸ்பன் செல்லும் வாய்ப்பு வாராதிருக்கலாம். நடக்கக் கற்பதற்கு லிஸ்பன் வேண்டுவதில்லை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருக்கிய கோட்டை நம் ஊரிலேயே இருக்கின்றது. துவிச்சக்கர வண்டியை வாயிலில் நிறுத்திவிட்டு எத்தனை பேர் அதைச் சுற்றி நடந்தீர்கள்? நல்லூரில் சங்கிலியன் பெயர் தாங்கி நிற்கும் தோரண வாயிலின் முன் எத்தனை பேர் கால்மணி நேரம் நின்றீர்கள்? இந்த ஆண்டு முதல், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விரும்பும் மாணவரோடு யான் நடக்கப் போகின்றேன். அதிபர் அவர்களிடம் அனுமதி பெற்றாயிற்று. தண்ணீர்ப் போத்தலும் ஒரு கொப்பியும் போதும். போகுமுன் வியாழக்கிழமை நூலகத்திலே ஒரு மணி நேரம் படித்தல் வேண்டும். படியாதவரை அழைத்துச் செல்லேன்.

அன்று வினாவிய பின்வரிசை மாணவன் கல்லூரியை விட்டுச் சென்று ஆண்டுகள் சில ஆயின. எங்கிருக்கிறானோ அறியேன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், அந்த ஊர் எப்படி இருக்கும் என்ற அவன் வினாவுக்கு இதனை என் காலந்தாழ்ந்த விடையாகக் கொள்வானாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.